ரெண்டாம் பாகத்துக் குடைக்காரி

இல்லை. அப்படி யாரும் இல்லை.

நீங்க கேட்டதில் தப்பே கிடையாது. இப்பவே கேட்டுடறதுதான் நல்லது. ஆனா காதல் அது இதுன்னு எனக்கு எதுவும் இருந்ததில்லை. அம்மாகிட்டக் கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க. எனக்கு மனுஷங்ககிட்டப் பேசவே வராது. மாடிக்கு ஏறி வந்ததிலேருந்து நீங்கதான் பேசினீங்க, நான் தண்ணித் தொட்டியைப் பார்த்துக்கிட்டே நின்னேன். கவனிச்சிருப்பீங்க. இப்படிப்பட்டவளை யார் வந்து காதலிக்கப் போறாங்க?

உட்காருங்க. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், சுவரோட சேர்த்துப் போட்டுக்கங்க. கீழே இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க. உங்க சித்தி மக்ரூனுக்கு முந்திரி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. எங்க அம்மா அந்தப் பேச்சை லேசில் முடிக்க மாட்டாங்க.

காதல் இல்லை. ஆனா ஒரு கோபம் இருக்கு. அதைச் சொல்லிடறேன். நாளைக்கே நமக்குள்ள சரின்னு ஆகி, கல்யாணமும் முடிஞ்சு, ஒருநாள் நான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அது உங்க மேலன்னு நீங்க நெனச்சுக்கக் கூடாது பாருங்க. அதுக்காகத்தான்.

கோபம் ஒரு வீடியோ கேம் மேல.

சிரிங்க, பரவாயில்லை. எல்லாரும் சிரிப்பாங்கன்னுதான் நான் யார்கிட்டயும் சொல்றதில்லை. வீடியோ கேம்னா இப்ப ஃபோன்ல படபடன்னு சுடறாங்களே, அது இல்லை. அந்தக் காலத்து ஜப்பான் விளையாட்டு. கதை மாதிரி போகும். ஒரு சின்ன ஊர்ல ஆரம்பிக்கும். அங்கேருந்து ஊர் ஊராப் போகணும், சத்திரத்துல படுத்து எழுந்திரிக்கணும், கடையில வாள் வாங்கணும். வழியில பூதம் வந்தா முறை வச்சுச் சண்டை. நாம ஒரு அடி அடிச்சா அது நின்னு வாங்கிக்கும். அப்புறம் அது அடிக்கும், நாம நின்னு வாங்கிக்கணும். ரொம்ப மரியாதையான சண்டை. எனக்கு அது பிடிச்சிருந்தது. நம்ம முறை வர்ற வரைக்கும் யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க.

பக்கத்து வீட்டு பர்னாந்து மாமா கப்பல்ல இன்ஜினுக்கு எண்ணெய் போடுற ஆயிலரா இருந்தார். கோபே துறைமுகத்துல ஒரு பழைய சாமான் கடையில அதை வாங்கிட்டு வந்தார். டிவியில மாட்டுற ஒரு பெட்டி. ஜப்பான் கரண்ட்டு நம்ம கரண்ட்டுல பாதிதானாம், அதனால கூடவே கரண்ட்டைக் குறைக்க இட்லிச்சட்டி கனத்துல ஒரு இரும்புப் பெட்டி. அப்புறம் ஒரே ஒரு சிடி. அட்டையில ஜப்பான் எழுத்தும், ஓரத்துல ரெண்டு நெட்டுக் கோடும். அந்தக் கோட்டை வச்சுத்தான் அது ரெண்டாம் பாகம்னு தெரிஞ்சது. முதல் பாகம் எங்கேன்னு கேட்டதுக்கு மாமா, “ஒண்ணுக்கு ரெண்டு பெருசுதானல? பெருசாப் பாத்துத்தான் வாங்கியாந்திருக்கேன்”னுட்டார்.

‘ல’ போட்டது அவர் மகனை. மெல்டன். எனக்கு ஒரு வகுப்பு மேலே.

அவன்தான். இல்லை, நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. முழுசாக் கேளுங்க.

எங்க வீட்ல டிவி ரிப்பேர், அப்பாவும் அதைச் சரி பண்ற மாதிரி தெரியலை. அதனால பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவங்க வீட்டுக்குப் போயிடுவேன். ஜெசிந்தா மாமி, அது மெல்டனோட அம்மா, வறுத்த கடலையைக் கிண்ணத்துல போட்டுக் கொடுத்துட்டு, “ஏட்டி ரெனி, அவனை ஒரு மணி நேரம் படிக்கச் சொல்லு, நீ சொன்னாத்தான் கேக்கான்” அப்படிம்பாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போய் உட்காருவேன், அவ்வளவுதான். அவன் ஆடுவான், நான் பார்ப்பேன். பூதம் வந்தா மட்டும் என்கிட்டக் கொடுப்பான்.

ஜப்பான் பெட்டிக்கும் நம்ம டிவிக்கும் ஒத்துக்கலை. படம் கறுப்பு வெள்ளையாத்தான் வரும். ஆரம்பத்துலயே நாயகனுக்கு நாம ஒரு பேர் வைக்கணும். கட்டம் கட்டமா ஜப்பான் எழுத்து இருக்கும், அதுல பொறுக்கி எடுக்கணும். எங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அதுல ஒண்ணு நம்ம ‘ட’ மாதிரியே இருந்தது. மெல்டன் அதையே ரெண்டு தடவை அமுக்கிட்டான். அதிலேருந்து அவன் பேரு டட்டன். ராஜா, மந்திரி, பூதம் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டாங்க. அதாவது நாங்க அப்படி நெனச்சுக்கிட்டோம்.

நான் அப்ப மெல்டன்கிட்ட, “ஜப்பான் பாஷை தெரியாம எப்படி ஆடுறது?”ன்னு கேட்டேன். அவன் கொஞ்சமும் யோசிக்கலை. “எனக்குத் தெரியுமே. அப்பா சொல்லிக் குடுத்திருக்காவ.”

“பேர் வைக்கும்போது தெரியாதுன்ன?”

“எழுதத்தான் தெரியாது. வாசிச்சா வெளங்கும்.”

நான் நம்பிட்டேன். ஏன் நம்பினேன்னு கேட்டீங்கன்னா, அவன் வாசிக்கிற விதம் அப்படி. திரையில எழுத்து வரும், அவன் கண்ணைச் சுருக்கி அதையே பார்ப்பான், வாய் லேசா அசையும், அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழ்ல சொல்வான். நடுவுல, “இந்த வார்த்தை கொஞ்சம் கஷ்டம், இரு” அப்படின்னு நிறுத்துவான். பொய் சொல்றவன் அப்படி நிறுத்துவானா?

ஊர் எல்லையிலேயே டட்டனோட ஒரு பொண்ணு சேர்ந்துக்குவா. கையில மடக்கின குடை. சண்டையில அந்தக் குடையாலயே அடிப்பா. நாங்க அவளைக் குடைக்காரின்னு கூப்பிட்டோம். குடை என்ன கலரா இருக்கும்னு நான் கேட்டேன். கறுப்பு வெள்ளையில தெரியாதில்லையா? “நாவப்பழக் கலர், இந்தா எழுதியிருக்குல்லா”ன்னு திரையைக் காட்டினான். அப்ப என்கிட்டயும் நாவப்பழக் கலர்ல ஒரு குடை இருந்தது. அதனால அதையும் நம்பிட்டேன்.

முதல் பாகத்துல என்னதான் நடந்ததுன்னு நான் நச்சரிச்சுக்கிட்டே இருப்பேன். அது தெரியாம ரெண்டாவதைப் பார்க்கிறது எனக்கு உறுத்தலாவே இருந்தது. அவன் சொன்னான், “ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க. பக்கத்துப் பக்கத்து வீடு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் நடக்கல.”

“ஒண்ணுமே நடக்காமலா ஒரு பாகம் போட்டாங்க?”

“ஒண்ணும் நடக்காததுனாலதாம்ட்டி ரெண்டாம் பாகம் போட்டாவ.”

இதுவும் அளப்புதான். நான் பின்னாடி தேடிப் பார்த்துட்டேன். முதல் பாகத்துல நாயகனே வேற ஆளு. நூறு வருஷத்துக்கு முந்தின கதை. பக்கத்து வீடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

ஆட்டத்தைச் சேமிச்சு வைக்க ஒரு சின்ன அட்டை சொருகணும். மாமா அதை வாங்கிட்டு வரலை. அதனால பெட்டியை அணைச்சா எல்லாம் போச்சு, திரும்ப முதல் ஊர்லேருந்து டட்டன் படுக்கையை விட்டு எழுந்திரிக்கணும். அணைக்காம வைப்போம். டிவியை மட்டும் அணைச்சுட்டு, பெட்டி சூடாகாம இருக்க மாமி துவைச்சு வச்ச துண்டைக் கட்டில் கம்பியில கட்டி அதுக்கு நிழல் பண்ணி, என்னென்னவோ செய்வோம். ஆனா அந்த வருஷங்கள்ல கரண்ட் போன போக்கு உங்களுக்கே தெரியும். உங்க மணப்பாட்டுல எப்படியோ, இங்கே தூத்துக்குடியில காலையில போகும், சாயங்காலம் போகும், சும்மா நடுவுலயும் போகும். போனா டட்டன் மறுபடியும் படுக்கையில.

அதனால எங்க கதை ஒரு படகுத் துறையைத் தாண்டிப் போனதே இல்லை. எத்தனை தடவை ஆடினாலும் அதுக்குள்ள கரண்ட் போயிடும். ஆனா அந்தத் துறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாயங்கால வெளிச்சம். வேற பாட்டு ஆரம்பிக்கும், மெதுவா. டட்டனும் குடைக்காரியும் மரப்பாலத்து நுனியில நிப்பாங்க. எழுத்து ஓடிக்கிட்டே இருக்கும், பக்கம் பக்கமா. மெல்டன் அங்கே மட்டும் கடலை கொறிக்கிறதை நிறுத்திட்டு வாசிப்பான்.

டட்டன் சொல்றானாம்: நான் போனா வர நாளாகும். அங்கேருந்து பாத்தா உன் வீட்டு வெளக்கு தெரியாது. தெரியலன்னாலும் அந்தத் திசையைப் பாத்துக்கிட்டுத்தான் படுப்பேன்.

குடைக்காரி சொல்றாளாம்: எனக்குப் பேச வராது. நீ பேசு, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

போன தடவை வேற மாதிரி சொன்னியேன்னு கேட்டா, “ஜப்பான்ல ஒரு வார்த்தைக்கு நாலு அர்த்தம் உண்டு, போன தடவை வேற அர்த்தத்தைச் சொன்னேன்” அப்படிம்பான். டட்டன் முதல் பாகத்துல அவளோட பேசிப் பழகினவன்தானாம், ஆனா அவளுக்கு அவன் யாருன்னு இன்னும் விளங்கலையாம். கடைசியிலதான் விளங்குமாம். எப்ப விளங்கும்னு நான் கேட்பேன். “அது நமக்கு எங்க தெரியும், கரண்ட் விட்டாத்தானே?”

அவன் பன்னிரண்டாவது முடிச்சுட்டு கப்பல் படிப்புக்குக் கிளம்பின வருஷம், கிளம்பறதுக்கு முந்தின சாயங்காலம் கடைசியா ஒரு தடவை ஆடினோம். துறைக்கு வந்துட்டோம். பாட்டு ஆரம்பிச்சது. மெல்டன் வாசிச்சான்: “குடைக்காரி சொல்லுதா, உன்னைப் போகாதன்னு சொல்ல மாட்டேன். ஆனா...” அதோட நிறுத்திட்டான். பட்டனை அமுக்கலை. எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறி மின்னிக்கிட்டே இருந்தது.

“ஆனா?”

“அதுக்கு மேல அவ இன்னும் சொல்லல.”

“பட்டனை அமுக்கு, சொல்லுவா.”

“நீ சொல்லேன். அவ என்ன சொல்லுவா?”

எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஜப்பான் பாஷை தெரியாதே. அதைத்தான் அவன்கிட்டயும் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். பட்டனை அமுக்கவே இல்லை. கரண்ட் போயிடுச்சு.

உங்களுக்குத் தண்ணி வேணுமா? சரி. நான் கொஞ்சம் குடிச்சுக்கறேன்.

நான் சென்னையில கணிதம் படிச்சேன். கல்லூரியில சாயங்காலம் ஜப்பான் மொழி வகுப்பு நடந்தது, சேர்ந்தேன். வேலை கிடைக்கும்னுதான். முதல் நாள் அந்த ஆசிரியை ஒவ்வொருத்தரையா எழுப்பி, எதுக்குப் படிக்கிறீங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் வேலைன்னாங்க. நானும் வேலைன்னுதான் சொல்லணும்னு எழுந்தேன். வாயில, “ஒரு கதையில ஒருத்தி என்ன சொன்னான்னு தெரியணும்”னு வந்துடுச்சு. வகுப்பே சிரிச்சது. அப்புறம் ஒரு மாசம் நான் கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன்.

ஆனா மொழி வந்துடுச்சு. எல்லாப் பரீட்சையும் தேறினேன். இப்ப வீட்ல இருந்தே மொழிபெயர்க்கிறேன், அது உங்களுக்குத் தெரியும். ஜப்பான் மெஷினோட கையேடுகள். ‘வால்வைத் திறக்கும் முன் அழுத்தத்தைச் சரிபார்க்கவும்.’ இந்த மாதிரி. ஒரு சொல்லை மாத்திப் போட்டா எங்கேயோ ஒருத்தன் விரல் போயிடும். அதனால எனக்குப் பொய்யான மொழிபெயர்ப்புன்னா ஆகாது. இதை நீங்க புரிஞ்சுக்கணும்.

மெல்டன் கப்பல்லேருந்து எப்பவாவது செய்தி அனுப்புவான். ஜப்பான்ல இறங்கினா கட்டாயம் அனுப்புவான். ‘யோகோஹாமா வந்திருக்கேன். பழைய கடையில முதல் பாகம் தேடுறேன். கிடைக்கல.’ அடுத்த வருஷம், ‘நகோயா. இங்கயும் இல்ல.’ நான், ‘சரி’ன்னு போடுவேன். எனக்கு எழுதவும் அவ்வளவா வராது.

போன நவம்பர்ல ஒருநாள் மத்தியானம், வேலை இல்லை. சும்மா தேடினப்ப யாரோ ஒரு ஜப்பான்காரர் அந்த ரெண்டாம் பாகத்தை முதல்லேருந்து முடிவு வரைக்கும் ஆடிக் காணொளியாப் போட்டிருந்தார். கலர்ல. எனக்கு எவ்வளவு சந்தோஷம்னா, கதவைச் சாத்திட்டு வந்து உட்கார்ந்தேன். அதே ஊரு, அதே படுக்கை. குடைக்காரி வந்தா. குடை பச்சை.

பச்சைங்க. கிளிப்பச்சை.

சரி, கலர்தானேன்னு விட்டேன். அவ பேச ஆரம்பிச்சா. இப்பத்தான் எனக்கு வாசிக்க வருமே. ‘மேற்குப் பக்கம் போனால் கிணறு இருக்கிறது.’ ‘வாளை மாட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.’ இதையேதான் பேசிக்கிட்டு வர்றா. எனக்கு மனசு கெட்டுடுச்சு, இருந்தாலும் துறை வரட்டும்னு பார்த்தேன். துறை வந்தது. அதே பாட்டு. நான் அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! பக்கம் பக்கமா எழுத்து. அவ என்ன சொல்றா தெரியுமா?

‘ஆற்றுக்கு அப்பால் சதுப்பு நிலம். அங்கே விஷப் பாம்புகள் அதிகம். எங்கள் கடையில் விஷமுறிவு மருந்து கிடைக்கும். வாங்க வட்டப் பட்டனை அழுத்தவும். பத்து வாங்கினால் ஒன்று இலவசம்.’

மருந்து வாங்குறது எப்படின்னு சொல்லிக் கொடுக்கிற இடங்க அது! பாலத்து நுனியில நின்னுக்கிட்டு, அந்தப் பாட்டு பின்னாடி ஓட, அவ மருந்து விக்கிறா!

அவளுக்குப் பேர் கூடக் கிடையாது. ‘கடைக்காரப் பெண்’னு மேலே போட்டிருக்கு. அவன் பத்து மருந்து வாங்கிக்கிட்டுப் படகுல ஏறிப் போயிடுவான். அவ துறையிலேயே நிப்பா. அதுக்கப்புறம் கதை முழுக்க, முடிவு வரைக்கும் பார்த்துட்டேன், ரெண்டு நாள் ஆச்சு, அவ வரவே இல்லை. அவன் மலை ஏறறான், பறக்கிற கப்பல் ஓட்டறான், கடைசிப் பூதத்தைக் கொல்றான், ராஜா ஆகறான். யாரும் அவளைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. அவளுக்கு விளங்கற இடம்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

எனக்கு ரெண்டு நாளும் சாப்பாடு இறங்கலை. கோபம் வந்தா எனக்கு அப்படி ஆகும்.

கிறிஸ்துமஸுக்கு மெல்டன் லீவில் வந்தான். மறுநாள் சாயங்காலம் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான். கையில பிரவுன் தாள் சுத்தின ஒரு பொட்டலம். “ரெனி, உனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்”னான். நான் அதெல்லாம் அப்புறம்னு சொல்லி, லேப்டாப்பைக் கொண்டுவந்து படியில வச்சு, அந்தக் காணொளியைப் போட்டேன். வரி வரியா நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னேன். எனக்கு அவ்வளவு பேச வரும்னு எனக்கே தெரியாது.

மருந்து இடம் வந்ததும், “பத்துக்கு ஒண்ணு இலவசமா? கெட்டிக்காரிதான்”னு சிரிச்சான்.

“சிரிக்காத. ஜப்பான் பாஷை தெரியும்னு ஏன் சொன்ன?”

“தெரியாதுன்னு சொன்னா நீ எந்திச்சுப் போயிருப்பே.”

“நான் அத்தனை வருஷமும் அதைக் கதைன்னு நம்பினேன்.”

அவன் பொட்டலத்தைப் படியில வச்சான். அப்புறம், “நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?”ன்னு கேட்டான்.

“ஒரு வார்த்தை விடாம இருக்கு.”

“இதையும் ஒரு எழுத்து விடாம வாசிச்சுட்ட.”

“ஆமா.”

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்த பிறகும் உனக்கு ஒண்ணும் வெளங்கலையா, ரெனி?”

“வெளங்குச்சு. நீ புளுகன்னு வெளங்குச்சு.”

லேப்டாப் திரை தானா அணைஞ்சு போச்சு. அவன் எழுந்தான். “நல்லாப் படிச்சிருக்கட்டி”ன்னான். பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஒரு மன்னிப்புக் கேட்கலை, பார்த்துக்கங்க. அந்தப் பொட்டலத்துல என்ன இருந்ததுன்னும் தெரியலை. அல்வாவா இருந்தா அன்னைக்கே கொடுத்திருக்கலாம்.

புது வருஷத்துக்கு ஜெசிந்தா மாமி கேக்கோட வந்தாங்க. முன்னறையில அம்மாவும் அவங்களும் ரொம்ப நேரம் மெதுவாப் பேசினாங்க. நான் அடுப்படியில காபி கலந்துக்கிட்டு இருந்தேன். அம்மா உள்ளே வந்து, முகமெல்லாம் ஒரு மாதிரி மலர்ந்து போய், “ரெனி, நம்ம மெல்டனைப் பத்தி நீ என்னம்மா நெனைக்கே?”ன்னு கேட்டாங்க. எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. “அவனா? வாயைத் தொறந்தா பொய். அவன் பேச்சை எங்கிட்ட எடுக்காத”ன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல.

மாமி காபியைக் குடிக்காமலே போயிட்டாங்க. சர்க்கரை வியாதி இருக்கு அவங்களுக்கு, அதனாலயா இருக்கும். அம்மா அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசலை. நான் என்ன பண்ணினேன்? கேட்டாங்க, மனசுல இருந்ததைச் சொன்னேன்.

பத்தே நாள்ல அவனுக்குப் பொண்ணு முடிஞ்சுடுச்சு. வீரபாண்டியன்பட்டணத்துப் பொண்ணு. மார்ச்சுல அவன் கப்பல் ஏறணும், அதனால அவசரம். வர்ற புதன்கிழமை கல்யாணம். அதோ, அடுத்த மாடியில பந்தலுக்குக் கம்பு நட்டிருக்கு பாருங்க. சீரியல் லைட் கட்டிக்கிட்டு இருக்கானே, நீலச் சட்டை, அவன்தான் மெல்டன். கையைக் காட்டாதீங்க, பார்த்துடுவான். மாப்பிள்ளையே ஏன் லைட் கட்டணும்? ஆள் வச்சிருக்காங்க. சாயங்காலம் ஆனா மாடியில வந்து நின்னுக்கிறான், நாலு நாளா இப்படித்தான். நான் துணி எடுக்கக் கூட இருட்டின பிறகுதான் வர்றேன்.

நீங்க ஏன் பேசாமலே இருக்கீங்க? போர் அடிக்குதா?

என்ன கேட்டீங்க? அவன் சொன்ன கதையில அந்தக் குடைக்காரி யாருன்னா? யாரா? கடைக்காரப் பெண், சொன்னேனே. இல்லையா? அவன் கதையிலயா? அவன் கதையில அவ யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பொண்ணு. பேச வராத ஒரு பொண்ணு.

விடுங்க. நான் சொல்ல வந்ததே வேற. எங்க பங்குக் கோயில்ல பூசை முடிவுல அறிவிப்பு வாசிக்கிறது இளைஞர் குழுதான், முறை போட்டு. இந்த மாசம் என்னோட முறை. ஆள்களைப் பார்த்துத்தான் எனக்குப் பேச வராது, மைக்குல வாசிக்கச் சொன்னா தாளை மட்டும் பார்த்தாப் போதுமே, நல்லா வாசிப்பேன். கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையும் அதுலதான் வரும். முதல் ஞாயிறு மெல்டன் ஓலை வந்தப்ப கோயில்ல ஒரே புழுக்கம், நான் வெளியே போயிட்டேன், வேற பொண்ணு வாசிச்சா. ஜனவரியில என்ன புழுக்கம்னு கேட்காதீங்க, ஃபேன் ஓடலை. போன ஞாயிறு தொண்டை கட்டிடுச்சு, கோயில் உபதேசியார் வாசிச்சார். நாளைக்கு மூணாவது, கடைசி ஓலை. உபதேசியாரும் ஊர்ல இல்லை, நான்தான் வாசிச்சாகணும்.

வேற யாரையாவது வாசிக்கச் சொல்லலாமேன்னா? எதுக்கு? எனக்கென்ன? யாருக்காவது தடை தெரிஞ்சா சாமியார்கிட்டச் சொல்லணும்னு அதுல வரும். நான் போய் என்ன சொல்றது? சாமி, இவன் ஜப்பான் பாஷை தெரியாம மொழிபெயர்த்தான்னா? இதுக்கெல்லாம் கல்யாணத்தை நிறுத்துவாங்களா?

நீங்க நம்பலை. முகத்தைப் பார்த்தாலே தெரியுது. இருங்க, வாசிச்சுக் காட்டறேன். தாளே வேண்டாம், எனக்கு மனப்பாடம். கோயில்ல வாசிக்கிற மாதிரியே வாசிக்கிறேன், நீங்களே சொல்லுங்க குரல்ல ஏதாவது தெரியுதான்னு.

“மூன்றாம் முறை திருமண ஓலை. நமது பங்கைச் சேர்ந்த திரு. பர்னாந்து, திருமதி ஜெசிந்தா ஆகியோரின் மகன் மெல்டன் அவர்களுக்கும், வீரபாண்டியன்பட்டணம் பங்கைச் சேர்ந்த திரு. கஸ்மீர், திருமதி ஆக்னஸ் ஆகியோரின் மகள் ஷெர்லின் அவர்களுக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது. இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள்...”

இருங்க. அறிந்தவர்கள். அதுக்கு அடுத்தது சின்ன வரிதான்.

“தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள்...”

நீங்க ஏன் எழுந்துட்டீங்க? உட்காருங்க. சத்தமா வாசிச்சுட்டேனா? கீழே கேட்டிருக்குமா?

அவன் எதுக்கு லைட்டைக் கீழே போட்டுட்டு இந்தப் பக்கம் பார்க்கிறான்?

ஏங்க, கீழே போகாதீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. ஒரே ஒரு வரிதான் பாக்கி. எத்தனை பேருக்கு வாசிச்சிருக்கேன், இப்படி ஆனதே இல்லை.

“அறிந்தவர்கள்...”

சுவர் பக்கம் வந்துட்டான். என்கிட்ட ஏதோ கேட்கிறான். நீங்க இருந்து, என்ன கேட்கிறான்னு சொல்லிட்டுப் போங்களேன். எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு.